நீலப் புள்ளடி போட்ட பெட்டிகள்

லா சப்பலில் இருபத்துநாலு வருடம் மரக்கறிக் கடை வைத்திருந்தேன். இப்போது கடை மருமகனிடம். புதிதாகக் கடை திறக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் வந்தார்கள். எப்படி முன்னுக்கு வந்தீர்கள் என்று எங்கள் கடைக்காரர் சங்க மலருக்கு எழுதித் தாருங்கள் என்றார்கள்.

எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எழுத்து எனக்குப் பழக்கமில்லை. விலை போடுவது, வாடல் கழிப்பது, கண்ணாடிக்குள் அடுக்குவது எல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்கே வந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. நான் செய்த ஒரு பிழையை எழுதுகிறேன். அதில் ஏதும் எடுக்க முடிந்தால் எடுங்கள்.

செவ்வாய்க்கிழமை பிளேனில் எனக்குச் சரக்கு வரும். முருங்கைக்காய், பாகற்காய், வல்லாரை, பச்சைமிளகாய். யாழ்ப்பாணத்தில் ஒருவர் வாங்கிப் பெட்டி கட்டி அனுப்புவார். அவருடைய வான் வன்னி வரைக்கும் போய்த் தோட்டங்களில் மரக்கறி எடுக்கும். இங்கே ரோசி விமான நிலையத்தில் சரக்கை வெளியே எடுத்துத் தருவது சவரி. பாண்டிச்சேரிக்காரர். பத்திரம், முத்திரை, அதிகாரி எல்லாம் அவர் பொறுப்பு. என்னுடையது கடைப் பிரெஞ்சு. அவருடையது கந்தோர்ப் பிரெஞ்சு.

கடை திறந்த இரண்டாம் வருடம் ஒரு பிள்ளைத்தாய்ச்சி வந்தாள். மாதம் கிட்டிவிட்டது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குத்தூளை அவளுடைய தாய் ஊரில் இடித்து வைத்திருக்கிறார்.

"அண்ணை, உங்கடை முருங்கைக்காய்ப் பெட்டிக்குள்ளை ஒரு சின்னப் பார்சல் வைக்கேலாதோ?"

வைக்கச் சொன்னேன். தூள் வந்தது. அவள் அந்தப் பார்சலை மணந்து பார்த்துவிட்டுக் கடைக்குள் நின்றே அழுதாள். பார்த்துக்கொண்டு நின்ற இரண்டு பேர் அடுத்த கிழமை தங்களுக்கும் கேட்டார்கள்.

அப்படித் தொடங்கியது. மிளகாய்த்தூள், ஒடியல்மா, கோயில் விபூதி, சாதகக் குறிப்பு, ஊரில் தைத்த சட்டை. பார்சல் வைத்த பெட்டியின் மூடியில் அங்கே பெருக்கல் குறி மாதிரி ஒரு நீலப் புள்ளடி போட்டு அனுப்புவார்கள். புதன்கிழமை நான் அந்தப் பெட்டியைத் தனியாக உடைப்பேன். கடையில் சனம் நின்று பகிடி விடும்.

"ஏன் அண்ணை, என்ரை மாமியாரையும் பெட்டிக்குள்ளை வைச்சு அனுப்பச் சொல்லட்டோ?"

"அனுப்பச் சொல்லும். ஆனால் வாடல் கழிச்சுத்தான் தருவன்."

ஒரு பார்சல் கொண்டுவந்து கொடுத்தால் அந்த வீடு பிறகு வேறு கடைப்படி ஏறாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் உதவி என்றுதான் சொல்லிக்கொண்டேன். காசு வாங்கவில்லை. காசு வாங்காததால் அதில் பிழை இல்லை என்று நினைத்தேன். பத்திரத்தில் மரக்கறி என்று மட்டும் இருக்கும். பார்சல் விஷயம் சவரிக்கே தெரியாது.

பிறகு வதனி வந்தாள். பெயரை மாற்றியிருக்கிறேன். சண்டை முடிந்து நாலைந்து வருடம் இருக்கும். முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை. மார்க்ஸ் டோர்மோயில் நாலு பெண்களோடு ஒரே அறையில் இருந்தாள். ஒரு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை.

"அண்ணை, எனக்குத் தூள் வேண்டாம். ஒரு கடிதம் வரவேணும்."

"கடிதமெண்டால் தபாலிலை போடச் சொல்லுமன்."

"அம்மா தபால் கந்தோருக்குப் போகமாட்டா. ஆமிக்காரர் பேரைப் பாப்பினமாம். பிரிச்சுப் பாப்பினமாம். போட்டோக்கொப்பி எடுக்கிற கடைக்குப் போகவே அவவுக்குப் பயம்."

மெதுமெதுவாகச் சொன்னாள். தடுப்பு முகாமில் இரண்டு வருடம் வைத்திருந்து வெளியே விட்டபோது கொடுத்த கடிதம் அது. அவளுடைய படமும் முத்திரையும் அதில் இருக்கின்றன. இங்கே அகதி விண்ணப்பத்தை ஒருமுறை தள்ளிவிட்டார்கள். நீர் உள்ளே இருந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். மேல்விசாரணைக்கு ஏழு கிழமை இருந்தது. அசல் கடிதத்தைக் கொண்டுவா, அது இருந்தால் பேசலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். உலகத்தில் அப்படி ஒரு கடிதம்தான் இருந்தது. முகாமையே மூடிவிட்டார்கள். திருப்பி யாரிடம் கேட்பது.

தாய் அதைப் பொலித்தீனில் சுற்றிப் பால்மா ரின்னுக்குள் போட்டு மண்ணுக்குள் தாட்டு வைத்திருந்தார். முதலில் தரமாட்டேன் என்றாராம். அது வெளியே வந்தால் தம்பியைப் பிடிப்பார்கள், எரித்துவிடப் போகிறேன் என்றும் ஒருநாள் சொன்னாராம். வதனி போனில் மூன்று கிழமை கெஞ்சித்தான் சம்மதிக்க வைத்தாள்.

"வான்காரப் பெடியன் படலையடியிலை வந்து வாங்குவானோ அண்ணை?"

"வாங்குவான்."

"பிரிச்சுப் பாக்கமாட்டானே?"

"அவன் முருங்கைக்காயையே எண்ணிப் பாக்கிறதில்லை. உம்மடை கடிதத்தையோ பாக்கப்போறான்."

அவள் சிரித்தாள். நானும் பெரிய மனிதன் மாதிரி நின்றேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஊரிலிருந்து போன் வந்தது. இந்தமுறை இரண்டு பெட்டிக்குப் புள்ளடி போட்டிருக்கிறது என்றார் அனுப்புகிறவர். ஒன்றில் கூசேன்வில்லில் இருக்கிற குடும்பத்துக்கு அவர்களுடைய சித்தி கொடுத்த மிளகாய்த்தூள். மற்றதில் வதனியின் உறை.

பத்து மணிக்குச் சவரி கூப்பிட்டார். "அண்ணே, நீங்க கொஞ்சம் நேர்ல வரணும். ஒரு பெட்டியைத் திறந்துட்டாங்க."

ரோசியில் பரிசோதனைக் கொட்டகை. குளிர். இரும்பு மேசையில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. மூடியில் நீலப் புள்ளடி. முருங்கைக்காயை ஒரு பக்கம் எடுத்து வைத்திருந்தார்கள். கீழே தூள் பை. அதன் பக்கத்தில் பத்திரிகைத் தாளில் சுற்றிய பாரைக் கருவாடு. சித்தி தூளோடு சும்மா இருக்கவில்லை. மீன் வகை இங்கே கொண்டுவரத் தடை.

அதிகாரி ஒரு பெண். என் மூத்த மகளின் வயது இருக்கும். சத்தம் போடவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு சவரியிடம் ஏதோ கேட்டாள். எனக்கு அரைவாசி விளங்கியது. சவரி தமிழில் சொன்னார்.

"மேடம் கேக்கறாங்க. மத்தப் பெட்டியில வேற ஏதாச்சும் இருக்கா? பேப்பர்ல எழுதாத சாமான்?"

மற்றப் பெட்டிகள் அவளுக்குப் பின்னால் அடுக்கிக் கிடந்தன. மூன்றாம் வரிசையில் மேலே இருந்த பெட்டியின் புள்ளடி என் முகத்துக்கு நேரே தெரிந்தது. அவள் திரும்பினால் அவளுக்கும் தெரியும்.

சவரி குரலைத் தணித்தார். "இருந்தா இப்பவே சொல்லிடுங்க அண்ணே. இவங்க கோபக்காரி இல்ல. நாமளா சொன்னா எழுதிக்கிட்டு, அதை எடுத்து ஓரமா வெச்சிடுவாங்க. அவங்களா கண்டுபிடிச்சா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

நான் யோசிக்க நேரம் எடுக்கவில்லை. அதைத்தான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும். ஒரு பெட்டி என்றால் தெரியாமல் வந்தது என்று சொல்லலாம். இரண்டு என்றால் இவன் வழக்கமாகச் செய்கிறவன் என்று ஆகிவிடும். இறக்குமதி அனுமதி போய்விடும். பக்கத்துக் கடையையும் அப்போதுதான் எடுத்திருந்தேன். ஐந்து பேர் என்னிடம் வேலை செய்தார்கள். இதெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் வந்துபோனது. அதோடு இன்னொரு நினைப்பும் வந்தது. இல்லை என்று சொன்னால் இந்த ஒரு பெட்டியை எடுத்துவிட்டு மற்றதை விடுவார்கள். கடிதமும் தானாக வந்துவிடும். வதனிக்கும் அதுதான் நல்லது.

பயந்தவனுக்கு எப்போதும் அடுத்தவனுடைய நன்மை ஞாபகத்துக்கு வரும். அதை நம்பாதேயுங்கள்.

"நோன்" என்றேன். சவரி மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

அவள் தலையாட்டிவிட்டுப் போன் கதைக்கப் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு தாள். ஒரே பத்திரத்தில் வந்த சரக்கு என்பதால் முழுவதையும் நிராகரித்திருந்தார்கள். சவரி வாசித்தார்.

"எல்லாத்தையும் எரிக்கச் சொல்லிட்டாங்க. உங்க அனுமதில கை வெக்கல. ஒரு எச்சரிக்கையோட விட்டுட்டாங்க. நல்ல காலம்."

நான் தாளைப் பார்த்தேன். கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு கோடு.

"அண்ணே, போடறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை கேக்கறேன். உங்க மூஞ்சி சரியில்ல. உள்ள ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்டுமில்லை."

முதல் தடவை சொன்னது பயத்தில். அதை ஒருவேளை யாரும் மன்னிக்கலாம். இரண்டாம் தடவை பயம் போய்விட்டது. சரக்கு போய்விட்டது, அனுமதி தப்பிவிட்டது, எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பெட்டிக்குள் ஒரு கடிதம் இருக்கிறது, ஒரு பெண்ணுடைய உயிர் அது, எடுத்துத் தாருங்கள் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். அந்தப் பெண் அதிகாரி எடுத்துத் தந்திருப்பாள். எனக்கு அது அப்போதே தெரியும். ஆனால் சொன்னால் முதல் சொன்னது பொய் என்று ஆகும். தப்பின அனுமதி திரும்பப் போகும். நான் நின்று நிதானமாக யோசித்தேன். சவரி பேனை தரவில்லை. என் சட்டைப் பையிலிருந்த பேனையை நானே எடுத்தேன்.

எல்லாப் பெட்டிகளையும் வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். புள்ளடி கொஞ்சத் தூரம் வரைக்கும் தெரிந்தது.

பிறகு செய்ததையும் சொல்கிறேன். வெறும் கடையோடு நின்றால் சரக்குக்கு என்ன நடந்தது என்று கேட்பார்கள். புதன் காலை லா கூர்னெவ் மொத்தக் கடைக்குப் போய் முருங்கைக்காயும் பாகற்காயும் வாங்கி வந்து அடுக்கினேன். பிளேன் சரக்கு வந்த மாதிரியே இருந்தது. ஒருவர் மட்டும் முறித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னண்ணை, இந்தமுறை முருங்கைக்காய் பிளேனிலை வந்ததோ, நடந்து வந்ததோ? இப்பிடிக் களைச்சுக் கிடக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூசேன்வில் குடும்பத்துக்குக் கருவாடு பிடிபட்டதைச் சொன்னேன். தங்கள் பெயர் வெளியே வரும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்கள். ஊரில் அனுப்புகிறவருக்குப் போன் எடுத்தேன். யார் கேட்டாலும் வான்காரப் பெடியனிடம் யாரும் கடிதம் தரவில்லை என்று சொல்லுங்கள், இனிமேல் பார்சலும் வேண்டாம் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. வியாபாரம் தெரிந்தவர்.

மத்தியான வேலை முடிந்து வதனி ஓடி வந்தாள். கை ஈரம்கூடத் துடைக்கவில்லை.

"அண்ணை, வந்திட்டுதோ?"

"இல்லைப் பிள்ளை. பெட்டியிலை உம்மடை கடிதம் இல்லை."

"அம்மா குடுத்தனான் எண்டவா."

"எனக்குத் தெரியாது. அங்கையிருந்து வரேல்லை."

கடை வாசலில் நின்று தாய்க்குப் போன் எடுத்தாள். நான் உள்ளே பச்சைமிளகாய் கொட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் எனக்குக் கேட்டது. அவள் சத்தமாக வைத்திருந்தாள்.

"என்ரை கையாலை குடுத்தனான் பிள்ளை. அந்தப் பெடியன் வாங்கி வானுக்கை வைச்சதைக் கண்ணாலை பாத்தனான்."

"எரிச்சுப்போட்டியளோ அம்மா?"

"ஐயோ, இல்லையடி."

"பயத்திலை எரிச்சுப்போட்டுப் பொய் சொல்லாதேங்கோ. எனக்கு உண்மையைச் சொல்லுங்கோ."

அப்போது வெளியே போய் மூன்று அடி வைத்திருந்தால் போதும். கொட்டிய மிளகாயைத் திரும்ப அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டு நின்றேன்.

விசாரணைக்கு அவள் வெறுங்கையோடு போனாள். கடிதம் எங்கே என்று கேட்டார்களாம். அம்மா அனுப்பவில்லை என்றாளாம். மூன்று கிழமையில் பதில் வந்தது. நிராகரிப்பு. இனி இங்கே இருக்க முடியாது என்ற தாளும் கூடவே வந்தது.

நான் அவளுக்கு வேலை கொடுத்தேன். கீரை கட்டுவது, நிறுப்பது. பொலிஸ் வண்டி தெருவால் போனால் பின் அறைக்குப் போய்விடுவாள். மெட்ரோவில் ரிக்கெற் சோதிப்பவர்களைக் கண்டால் மூன்று தரிப்புக்கு முன்னரே இறங்கி நடந்து வருவாள். அப்படி ஏழு வருடம். கலியாணப் பேச்சு ஒன்று வந்தது. பப்பியே, அதுதான் வதிவிடப் பத்திரம், இல்லாத பெண் என்று திரும்பிப் போனது. நான் எனக்குத் தெரிந்த நல்லதெல்லாம் செய்தேன். தைப்பொங்கலுக்குச் சீலை எடுத்துக் கொடுத்தேன். காய்ச்சல் என்றால் மருந்து வாங்கிக் கொடுத்தேன். எல்லாம் செய்யலாம், அந்த ஒன்றைத் தவிர.

தாயோடு அவள் கதைப்பது குறைந்தது. பிறகு நின்றது. காசை ஒரு பக்கத்து வீட்டுக்காரரிடம் அனுப்புவாள். மூன்றாம் வருடம் தாய் இறந்தார். கடைசி ஒரு வருடம் இருவருக்கும் பேச்சு இல்லை. கடைசியாகப் பேசியபோதும் தாய் அதையேதான் சொன்னாராம். குடுத்தனான் பிள்ளை, நான் குடுத்தனான்.

போக முடியாது. போனால் திரும்ப முடியாது. செத்தவீட்டை என் கடையின் பின் அறையில், வெங்காய மூட்டையில் குந்தி இருந்து போனில் பார்த்தாள். தம்பி கொள்ளி வைத்தபோது போன் இரண்டு தரம் நின்று நின்று வந்தது. நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"குடியும் பிள்ளை, ஆறப்போகுது."

குடித்தாள்.

பிறகு ஒரு வழியாக வேலைச் சம்பளத் துண்டுகளைக் காட்டி அவளுக்கு வதிவிட அட்டை கிடைத்தது. வேலைக் கடிதம் நான் கொடுத்தது. அதற்காக அவள் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாள். "என்ரை அம்மாவே என்னைக் கைவிட்டவா. இந்த அண்ணைதான் கைவிடேல்லை." நான் தராசைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். என்னை நல்ல வியாபாரி, நல்ல மனிதன் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் பாதி அவள் சொல்லிப் பரவியது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். யாருடைய பார்சலும் எடுக்காதேயுங்கள். சனம் கோபிக்கும், கோபிக்கட்டும். எடுத்துவிட்டீர்கள் என்றால் அது உங்கள் சரக்குக்கு முதல் வர வேண்டும். அதிகாரி கேட்கிறபோது உங்கள் கடை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். கடையை எனக்குத் தெரியும், கடை திரும்ப வரும். அனுமதியும் இரண்டு வருடத்தில் திரும்ப வரும். எது திரும்ப வராது என்று பாருங்கள். அதற்கு ஒரு நிமிடம் எடுங்கள். நான் எடுக்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டால் அது கடவுள் தந்த இடம் என்று நினையுங்கள். எனக்குச் சவரி தந்தார்.

சவரியிடம் பல வருடம் கழித்து நடந்ததைச் சொன்னேன். "மூஞ்சியைப் பாத்தே எனக்குத் தெரிஞ்சுது அண்ணே. நீங்க சொன்னா நான் எப்படியாவது எடுத்திருப்பேன்" என்றார். அது எனக்கு ஆறுதல் இல்லை. அவருக்கும் இல்லை.

இதை அச்சுக்குக் கொடுக்கிறதென்றால் அவள் முதலில் என் வாயால் கேட்க வேண்டும். போன கிழமை பின்னேரம் கடைக்குப் போனேன். சனம் இல்லை. வதனி பின் அறையில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தேன். கருவாடு, புள்ளடி, நோன், கையெழுத்து, லா கூர்னெவ் முருங்கைக்காய், ஊருக்கு எடுத்த போன், எல்லாம் சொன்னேன். அதிகம் நேரம் எடுக்கவில்லை. பத்து வருடத்துக்கு மேல் வைத்திருந்தது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அவள் கை நின்றது.

"அப்ப அம்மா குடுத்தவா?"

"ஓம்."

"வான்காரனிட்டை?"

"ஓம் பிள்ளை. அவன் வாங்கிப் பெட்டியிலை வைச்சவன். பெட்டி ரோசி வரைக்கும் வந்தது. நான் பாத்தனான்."

"அம்மா எரிக்கேல்லை."

"இல்லை."

முன்னால் மருமகன் யாருக்கோ மீதி கொடுக்கும் சத்தம் கேட்டது. அவள் அனுமதியைப் பற்றிக் கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. ஏழு வருடத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அடிப்பாள், காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அப்படி ஏதும் செய்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

"ஏதாவது கதையும் வதனி" என்றேன்.

மடியில் கிடந்த இலைகளைத் தட்டிவிட்டு எழும்பினாள்.

"உங்களோடை என்னத்தைக் கதைக்கிறது அண்ணை. நான் அம்மாவோடையெல்லோ கதைக்கவேணும்."